பிர் ஸல்மாவில் ஓர் ஒழுக்கு

நான் படுக்கும் அறை லண்டன் மோர்டனில் ஒரு வீட்டின் கூரைக்குக் கீழே இருந்தது. தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டின் தண்ணீர்த் தொட்டி. கீழே யாராவது குழாயைத் திறந்தால் மிதவை இறங்கும், தண்ணீர் சீறிக்கொண்டு வரும், பிறகு மெல்ல அடங்கும். பகலில் தூங்குகிறவனுக்கு முதலில் அது தொல்லை. பிறகு அந்தச் சத்தம் கேட்காத நாட்களில் தூக்கம் வரவில்லை.

வேலையும் தண்ணீர்த் தொட்டிதான். சட்டனில் ஒரு கம்பளக் கடைக்கு மேல்மாடியில், பம்ப் விற்கும் சிறிய கம்பெனி ஒன்றில் இரவு ஷிப்ட். சிவில் எஞ்சினியரிங் இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தவனுக்கு அதைவிட நல்ல வேலை கிடைக்காது. விட்டதற்குக் காரணம் சொல்வதற்கில்லை. ஒரு திங்கட்கிழமை நான் போகவில்லை, செவ்வாயும் போகவில்லை.

கம்பெனி அரேபியாவின் உட்பக்கத்தில் பிர் ஸல்மா என்ற சிற்றூருக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்திருந்தது. பிர் என்றால் கிணறாம். ஸல்மா யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஊருக்கு வெளியே பள்ளத்தில் ஓர் ஆழ்கிணறு, அதற்குள் பம்ப். அங்கிருந்து மண்ணுக்கடியில் ஒரு குழாய் மணல்மேடுகளைத் தாண்டிக் குன்றில் ஏறுகிறது. குன்றின்மேல் சீமெந்துத் தொட்டி. தொட்டியிலிருந்து இன்னொரு குழாய் இறங்கி ஊருக்குள் வருகிறது. நாற்பது சொச்சம் வீடுகள், ஒரு பள்ளிவாசல், ஒரு பள்ளிக்கூடம், ஆடும் ஒட்டகமும் குடிக்க நீளமாக ஒரு தொட்டி. அவ்வளவுதான் ஊர்.

பம்ப் வீட்டுக்குள் ஒரு பெட்டி இருந்தது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வெளியே போகிறது என்பதை அது குறித்துவைத்துக்கொண்டு, மணிக்கு ஒரு தடவை லண்டனுக்கு டெலிபோன் எடுத்து எல்லாவற்றையும் ஒப்பிக்கும். என் மேசைத் திரையில் ஒரு பச்சைக் கோடு வளரும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. ஏதாவது பிசகினால் எஞ்சினியரை எழுப்ப வேண்டும்.

ஒரு கோட்டை ஒரு வருடம் பார்த்தால் ஊர் தெரிந்துவிடும். முதல் தொழுகைக்குக் கை கால் கழுவ எழும்புகிறபோது கோடு லேசாக ஒரு படி இறங்கும். பிறகு சமையல், பிறகு பிள்ளைகள். நடுப்பகலில் ஊர் படுத்துவிடும், கோடும் படுத்துவிடும். வெள்ளிக்கிழமை வேறு கோடு. கலியாண வீடு வந்தால் மூன்று நாளைக்கு அது குடிகாரன் மாதிரித் தள்ளாடும். ஒட்டகங்கள் தூரத்திலிருந்து வந்து சேர்ந்த நாள்கூடத் தெரியும். திடீரென்று ஒரு பெரிய விழுங்கல். சட்டனில் மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருக்கும். நான் ஒட்டகம் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அங்கே எனக்குத் தெரிந்த ஒரே மனிதன் செபமாலைமுத்து. பம்ப் பார்க்கிறவர். இலங்கையின் வடக்கில் தெல்லிப்பழைக்கு அங்கால் ஓர் ஊர்க்காரர். தினமும் லண்டன் விடிகிற நேரத்தில் அவர் குன்றில் ஏறித் தொட்டிக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்து, இறங்கி வந்து டெலிபோன் எடுப்பார். பெட்டி சொல்கிற அளவும் அவர் சொல்கிற அளவும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது என் பங்கு. லைனில் ஒரு தாமதம் உண்டு. சொன்னது அங்கே போய்ச் சேர்ந்து பதில் திரும்புவதற்குள் கிணற்றுக்குள் பேசுவது போல என் குரலே எனக்குத் திரும்பக் கேட்கும்.

"தம்பி, உங்கை என்ன காலநிலை?"

"மழை அண்ணை."

"உந்த மழையைச் சும்மாதானே விடுறியள். ஒரு குழாயைப் போட்டு இஞ்சாலை அனுப்புமன்."

"உங்கடை மணலை இஞ்சை அனுப்புங்கோ. எங்கடை கார்பாக்கிலை குழி."

முகம் தெரியாது. சிரிப்பு மட்டும் தாமதமாக வரும்.

அவருடைய ஊர் தொண்ணூறாம் ஆண்டில் இராணுவ முகாமின் வேலிக்கு உள்ளே போய்விட்டது. மனைவி அருள்நாயகியும் இரண்டு பெண்பிள்ளைகளும் மண்டபம் அகதி முகாமில் இருந்தார்கள். பிர் ஸல்மாவில் அவர் இருப்பது கம்பெனியின் விசாவில். வேலை போனால் விசா போகும். விசா போனால் விமானத்தில் ஏற்றிக் கொழும்பில் இறக்குவார்கள். கொழும்பில் இறங்கிய வடக்குத் தமிழன் ஒருவனைப் பொலிஸ் பிடித்துப்போனால் அந்த நாட்களில் என்ன நடக்கும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு தொடக்கத்தில், நான் வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் பத்ரிநாராயணன் வந்தார். பிர் ஸல்மா அவர் பொறுப்பு. சென்னையில் படித்துவிட்டு வந்த எஞ்சினியர். நல்ல மனிதர், நல்ல மனிதர்களுக்கே உரிய அவசரத்தோடு கெட்ட செய்தியைச் சொல்வார்.

"குகதாசன், பிர் ஸல்மாவ ஆட்டோமேட்டிக் பண்றோம். மார்ச் கடைசி வரைக்கும் ட்ரயல். பெட்டியே பம்பப் போடும், நிறுத்தும். முத்து எதையும் தொடக்கூடாது."

"அதுக்குப் பிறகு?"

"ஊர் தூங்கற நேரத்துல தண்ணி வெளிய போகாம இருந்தா, குழாய் நல்லா இருக்குன்னு அர்த்தம். அப்ப அங்க ஆள் தேவையில்ல."

"லீக் இருந்தால்?"

"லீக் இருக்கற லைன ஆள் இல்லாம விட முடியுமா? ஆனா இருக்காது. நான் போட்ட லைன்." மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நீங்களே அவர்ட்ட சொல்லிடுங்களேன். உங்க தமிழ்ல சொன்னா நல்லா இருக்கும்."

நான் அடுத்த நாள் காலை சொன்னேன். எங்கள் தமிழில் சொன்னாலும் அது நன்றாக இருக்கவில்லை. தாமதம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

"அப்ப ஒழுக்கு இருந்தால் என்னை இருக்க விடுவினம்?"

"ஓம். ஒழுக்கு இருந்தால்."

"சரி தம்பி. வைக்கிறன்."

அந்தக் கிழமையே ஒழுக்கு வந்தது.

ஊர் படுத்த பிறகு கோடு நேராக இருக்க வேண்டும். இப்போது அது மெதுவாக, ஒரே சீராகச் சரிந்தது. கடைசித் தொழுகை முடிந்ததும் தொடங்கும். முதல் தொழுகைக்கு முன் நிற்கும். நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழுகை நேரம் தெரிந்த ஒழுக்கை அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

அங்கே ஊருக்கு வரும் குழாய் பள்ளத்தில் இறங்கும் இடத்தில் ஒரு வால்வு உண்டு. உள்ளே மண் படிந்தால் திறந்து கழுவிவிடுவதற்கு. கொஞ்சம் திருகிவிட்டால் போதும்.

காலையில் அவர் வழக்கம்போல அளவைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

"அண்ணை, குழாய் எங்கையோ ஒழுகுது போலை."

"ஒழுகும்தானே தம்பி. பழைய குழாய்."

"போட்டு நாலு வருஷம்."

"பாலைவனத்திலை நாலு வருஷம் எண்டால் கிழடு. என்னைப் பாரும்."

"நான் எங்கை உங்களைப் பாக்கிறது." கொஞ்சம் பொறுத்து, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னேன்: "ஒழுக்கு எண்டால் நேரம் பாத்து வராது அண்ணை. பகலிலையும் வரும். ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும்."

என் குரல் எனக்குத் திரும்பக் கேட்டது. பிறகு அவருடையது.

"அப்பிடியோ. நீங்கள் படிச்ச ஆக்கள், சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

"ரெண்டு வருஷம்தான் படிச்சனான்."

"ஒழுக்குக்கு அவ்வளவு காணும்."

அடுத்த நாளிலிருந்து ஒழுக்கு நேரம் கெட்டு வந்தது. நான் அறிக்கையில் 'கசிவு, இடம் தெரியவில்லை' என்று எழுதினேன். பத்ரி தலையைச் சொறிந்தார். அவருடைய லைன் ஒழுகாது என்று மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக.

அந்த மாதங்களில் என் தூக்கம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கறுப்புத் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டி நிரம்பும். அது நிரம்புகிற சத்தத்திலேயே நான் குழாய்க்குள் இறங்கிவிடுவேன். இருட்டாகவும் குளிராகவும் இருக்கும். மேலே ஆட்கள் நடப்பது கேட்கும், ஆடு கத்துவது கேட்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரே குரலில் எதையோ சொல்வார்கள். குழாய் மோர்டன் ஸ்டேஷனுக்குக் கீழே போய், நொதர்ன் லைன் சுரங்க ரயிலோடு கொஞ்ச தூரம் சேர்ந்து ஓடி, எங்கோ கடலைத் தாண்டும். தண்ணீர் என்னைத் தள்ளிக்கொண்டு போகும். எங்கே வெளியே வரப்போகிறேன் என்று பயமில்லை. வால்வு இருக்கும் பள்ளத்துக்குப் பக்கத்தில் வெளிச்சம் தெரியத் தொடங்கும்போது விழிப்பு வந்துவிடும்.

நோன்பு மாதம் வந்தது. ஊர் தலைகீழாகியது, பகலில் கோடு அசையவில்லை, இரவில் திருவிழா. ஒழுக்கும் மாறியது. மூன்று நாளைக்கு ஒருதடவை பெரிதாக வந்தது, இடையில் ஒன்றுமில்லை. வருகிற நாளிலும் ஒரே இழுவையாக வரவில்லை. சரிந்தது, நின்றது, சரிந்தது, நின்றது. படிக்கட்டு மாதிரி, ஒவ்வொரு படியும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நான் சொன்னதை மனிதர் அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன். காலையில் கேட்டும் பார்த்தேன்.

"அண்ணை, ஒழுக்கு விட்டு விட்டு வருது."

"அதுவும் களைக்கும்தானே."

குரலில் ஏதோ சந்தோஷம் இருந்தது. வேலை போகிற மனிதனின் குரல் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

மார்ச் மாதத்தின் பின்பாதியில் பத்ரி பொறுமை இழந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினார். எனக்குத் திங்கள் காலை அலுவலகம் திறக்க வந்த பெண் சொல்லித்தான் தெரியும். அவர் நிலத்துக்குக் கீழே கேட்கும் ஒரு கருவியையும் கொண்டுபோயிருந்தார், ஒழுக்கைத் தேட.

போனால் என்ன, வால்வை மூடிவிட்டால் மண் காய்ந்துவிடும், ஒருவராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது என்று எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வந்து படுத்தேன். அன்று குழாயிலிருந்து நான் வெளியே வந்தேன். முதல் தடவை. வெளிச்சம் வெள்ளையாக இருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மனிதன் மண்வெட்டியோடு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தான். குனிந்தால் தண்ணீர் நின்றது, நிமிர்ந்தால் போனது. கூப்பிட்டேன். என் குரல்தான் திரும்பி வந்தது.

எழுந்து கீழே போனேன். வீட்டுக்காரி வத்சலா அக்கா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். உரும்பிராய்த் தோட்டக்காரக் குடும்பம். லண்டனுக்கு வந்தும் பின்வளவில் ஒரு அடி நிலத்தைச் சும்மா விட்டதில்லை.

"என்ன, பேய் அடிச்ச முகமாய் வாறாய்? கனவோ?"

"வேலை அக்கா. ஒரு குழாய் ஒழுகுது. மூண்டு நாளைக்கு ஒருக்கா ஒழுகுது. அதுவும் கொஞ்சம் ஒழுகும், நிக்கும், பிறகு அதேயளவு ஒழுகும், நிக்கும்."

அக்கா குழாயை மூடினார். மேலே தொட்டியின் சீறல் அடங்கியது.

"எந்த விசரன் உதை ஒழுக்கு எண்டவன்? அது தோட்டத்துக்கு இறைப்பு. ஆரோ பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறுறான்." மறுபடி குழாயைத் திறந்தார். "மூண்டு நாளைக்கு ஒருக்கா எண்டால் வெங்காயம்."

நான் சட்டைகூட மாற்றாமல் சட்டனுக்குப் போனேன். பம்ப் வீட்டு நம்பரைச் சுழற்றினேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரையில் அப்போதுதான் ஒரு மணி நேரத்துக் கோடு வந்து விழுந்தது. நாலைந்து படிகள் அழகாக இறங்கியிருந்தன. பிறகு ஒரு படியின் நடுவில் கோடு நின்றுவிட்டது. பாதிப் பாத்தியில். அடுத்த மணிக்கும் அது அசையவில்லை.

பத்ரி போய்ச் சேர்ந்துவிட்டார்.

மறுநாள் காலை டெலிபோன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் பெட்டி சொன்ன அளவை மட்டும் எழுதினேன், ஒப்பிட ஒன்றுமில்லை. கொழும்புக்குப் போகும் விமானங்கள் வாரத்தில் எந்த நாட்களில் என்று விசாரித்துப் பார்த்தேன். விசாரித்து என்ன செய்வதாக இருந்தேன் என்று தெரியாது.

வியாழக்கிழமை பத்ரி ஹீத்ரோவிலிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்தார். சப்பாத்தில் மணல். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். சின்ன வெங்காயம், பச்சைத் தாளோடு, மண் காயாமல்.

"நான் லீக் தேடிட்டுப் போனேன் குகதாசன். அங்க சாம்பார் வெங்காயம் இருக்கு."

நான் ஒன்றை எடுத்து மண்ணைத் தட்டினேன்.

"அந்தக் கருவியக் காதுல மாட்டிட்டு ஒரு மேட்டுல ஏறறேன். கீழ பள்ளத்துல பச்சையா இருக்கு. வரிசை வரிசையாப் பாத்தி. நடுவுல வாய்க்கால். ஓரத்துல முருங்கக் கொம்பு நட்டிருக்கார். துளிர் விட்டிருக்கு. வால்வுக்கு ஒரு சின்னக் கதவுகூடப் போட்டிருக்கார். நான் டிசைன் பண்ணல அத." அவர் உட்கார்ந்தார். "லீக்னு காட்டணும்னா மணல்ல விட்டிருக்கலாமே. எவனுக்கும் தெரிஞ்சிருக்காது. ஏன்யா இப்படிப் பண்ணினீங்கன்னு கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா?"

"என்ன?"

"'சும்மா மண்ணுக்கை போற தண்ணியைப் பாத்துக்கொண்டு நிக்க ஏலேல்லை சேர்.'" எங்கள் பேச்சை அவர் பழித்துக்காட்டவில்லை. அப்படியே ஒப்பித்தார். "வேலைய விட வெங்காயம் பெரிசாப் போச்சு அந்த ஆளுக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. பத்ரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஒழுக்கு தெரியும். வெங்காயம் தெரியாது."

"ம்." வெங்காயம் ஒன்றை எடுத்து உருட்டினார். "லைன் நல்லா இருக்கு. ட்ரயல் பாஸ். அத மாத்தி எழுத என்னால முடியாது."

"அப்ப அவர் கொழும்புக்கோ?"

"நானும் அதத்தான் நெனச்சேன். வால்வ மூடுங்கன்னு நான் சொன்னதும், ஊர்க்காரங்க நாலு பேர் வந்துட்டாங்க. நோன்பு பூரா வீட்டுக்கு வீடு பச்ச வெங்காயத் தாள் குடுத்திருக்கார் போல. அங்க பெரியவர் ஒருத்தர், ரொம்ப மரியாதையாத்தான் கேட்டார். தண்ணி யாரோடதுன்னு. உங்களோடதுன்னேன். அப்ப வால்வத் தொறன்னார்." பத்ரி தலையை ஆட்டினார். "தோட்டக்காரரா அவங்களே விசா குடுக்கறாங்க. நம்ம குவாட்டர்ஸ் இனிமே கெடையாது. பழைய ஆட்டுக் கொட்டகை ஒண்ண ஒதுக்கியிருக்காங்க. கூரை இருக்கு. பரவாயில்ல."

"டெலிபோன்?"

"பம்ப் வீட்டப் பூட்டியாச்சு. சாவி என்கிட்ட."

செபமாலைமுத்து அங்கேயே இருப்பார். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். அந்தக் குரல் இனி வராது என்பது வேறு விஷயம். அதை யாரும் எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கவில்லை.

பத்ரி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கெட்ட செய்தி இன்னும் முடியவில்லை என்று அவருடைய முதுகிலிருந்தே தெரிந்தது.

"அப்புறம், குகதாசன். பெட்டி இனிமே நேரா என் பேஜருக்கே அடிச்சுடும். ஏதாவது தப்பு நடந்தா மட்டும். அதனால ராத்திரி இங்க..."

"ஆள் தேவையில்லை."

"மாசக் கடைசி வரைக்கும் இருங்க."

மூன்று மாதம் ஒரு மனிதனைப் பெட்டியிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அதே பெட்டியின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது ஒருநாள்கூட என் புத்திக்கு எட்டவில்லை. பத்ரியின் மேல் கோபம் வரவில்லை. பெட்டியின் மேலும் இல்லை. சட்டன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பெற்றோல் ஷெட்டில் இரவுக்கு ஆள் கேட்டு ஒட்டியிருந்தார்கள்.

கடைசிக் காலை. வெளியே வெளுத்துக்கொண்டிருந்தது, முதல் பஸ்கள் போயின. கோடு வந்து விழுந்தது. ஊர் எழும்பியிருந்தது, கழுவியிருந்தது, சமைத்திருந்தது. பிறகு அது சரிந்து நின்றது. சரிந்து நின்றது. அன்று இறைப்பு நாள். இப்போது யாருக்கும் ஒளிக்கத் தேவையில்லாததால் படிகள் நிதானமாக, அகலமாக இருந்தன. பாத்தியும் கூடியிருந்தது.

அறிக்கையில் 'கசிவு' என்று எழுதும் கட்டத்தில் கோடு கிழித்தேன். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது அடுத்த மணி நேரம் வந்து விழுந்தது. இரண்டு படி இறங்கிய பிறகு நீளமாக ஒன்றுமில்லை. வால்வு மூடிக் கிடந்தது. நான் கதவைத் திறந்தபடி நின்றேன். ஷிப்ட் முடிந்துவிட்டது, பத்ரியும் வந்துவிட்டார். என்ன பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. தன் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்று அவரும் திரையைப் பார்த்தார். அந்த மணி நேரம் முழுவதும் இருவரும் அப்படியே நின்றோம். கீழே கம்பளக் கடையைத் திறக்கிற சத்தம் கேட்டது.

அடுத்தது வந்தது. கோடு மறுபடி சரிந்து, நின்று, சரிந்திருந்தது.

"டீ குடிக்கப் போயிருப்பார்" என்றார் பத்ரி.

"ஓம்."

வீட்டுக்கு வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தேன். கீழே வத்சலா அக்கா, பத்ரி என்னிடம் கொடுத்துவிட்ட அந்த வெங்காயத்தை உரித்துக் கழுவிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மிதவை இறங்கியது.